வாவிக்கரைக்கேற்ற மின்கார்

மட்டக்களப்பு வாவியின் மேற்புறத்து நிலத்தைப் படுவான்கரை என்றும், வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கீழ்ப்புறத்து நிலத்தை எழுவான்கரை என்றும் வழங்குதல் நம்மவர் மரபு. ஞாயிறு படுந்திசையும் எழுந்திசையுமே இப்பெயர்களுக்குக் காரணம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அவ்வாவியின் நடுவே புளியந்தீவிலும் அதனை அடுத்தும் நகரும் வைத்தியசாலையும் அமைந்திருக்க, நெல் விளையும் நிலமோ பெரும்பாலும் படுவான்கரையிலே உள்ளது. ஆதலால் இப்பிரதேசத்தில் ஊர்தி எனப்படுவது நிலத்தில் ஓடுவதொன்றாக மாத்திரம் இருந்ததில்லை. நீரைக் கடந்து மறுகரை சேர்க்கும் கருவியாகவும் அது எண்ணப்பட்டு வந்துள்ளது. தோணியும் 'பாதை' எனப்படும் மிதவையும் செய்த தொண்டினைக் கல்லடியில் 1924ஆம் ஆண்டு அமைந்த சீமாட்டி மனிங் பாலமும், அதனருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும், 2014இல் மண்முனைத்துறையில் எழுந்த பாலமும் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன.

இவ்வளவும் இங்கே கூறியதற்குக் காரணம் ஒரு கடிதம். இலண்டனில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் தம் பெற்றோருக்கு மின்கார் ஒன்று வாங்க விரும்பி என் கருத்தைக் கேட்டு எழுதியிருந்தார். பெற்றோர் இருவரும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வாழ்கின்றனர். தந்தையாருக்குச் சிறுநீரகம் பழுதுற்றமையால் வாரத்துக்கு இருமுறை நகருக்கு வந்து குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டியுள்ளது. ஒரு வழி ஏறத்தாழ 20 கிலோமீற்றர். மாணவர் மனத்தில் இரு வகைக் கார்கள் இருந்தன. ஒன்று, நடுத்தர விலைக்குக் கிடைக்கும் பீவைடி அற்றோ 3 என்னும் மின் கிறொசோவர். மற்றது, பீஎம்டபிள்யூ ஐ7 என்னும் ஆடம்பர மின் செடான். "சேர், பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், அப்பா ஒருநாளும் வழியில் நிற்கக்கூடாது" என்று அவர் எழுதியிருந்தார். செடானே அவர் உள்ளத்துக்கு உகந்தது என்பது வரிகளுக்கிடையே தெரிந்தது. பத்தொன்பது வயதிற் கையில் ஒன்றுமின்றி ஊரைவிட்டுப் போன பிள்ளை, தந்தையை அத்தகைய காரில் ஏற்றிப் பார்க்க விரும்புவதில் வியப்பில்லை.

எனினும் அவர் எழுதிய வாக்கியமே வினாவை வகுத்துத் தந்துவிட்டது. விலை பொருட்டன்று எனின், எது மலிவு, எது மதிப்பு என்ற வாதம் விலகிவிடுகிறது. மாரிக்கால நள்ளிரவில், மின்சாரம் நின்ற வேளையில், நீர் ஏறிய வீதியில், நோயாளியை ஏற்றிக்கொண்டு எது மறுகரை சேரும் என்பதே எஞ்சி நிற்கும் வினா. பௌதிகவியல் கற்பித்த ஒருவன் விடை தேடத்தக்க வினா அது.

முதற்கண் இத்தகைய தெரிவு இப்பொழுது எழுந்ததேன் என்பதைச் சிறிது கூறுதல் வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியதும் எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் இரவும் பகலும் நீண்டன; அவ்வாண்டு யூலை மாதத்திற் கியூஆர் குறியீட்டு முறையில் வாராந்தப் பங்கீடு வந்தது. அவ்வரிசையில் இரு இரவுகள் காரினுள்ளே உறங்கிய அனுபவம் எனக்கும் உண்டு. மூன்றாம் நாள் காலை என் முறை வருவதற்கு நான்கு வாகனங்கள் முன்னதாகப் பெற்றோல் தீர்ந்தது. எண்ணெயை நம்பாத ஊர்தியின் மீது மக்களுக்கு ஆசை முளைத்தது அந்நாட்களிலேதான். தனியார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் அவ்வாசை கடைவீதிக்கு வந்தது.

மின்காருக்கான உற்பத்தி வரி எஞ்சினின் கனவளவைக் கொண்டு கணிக்கப்படுவதன்று. மோட்டரின் வலுவை, அதாவது கிலோவாற்றை, அளவாகக் கொண்டு கணிக்கப்படுவது. குறித்த பெறுமதியைத் தாண்டினால் ஆடம்பர வரியும் அதனோடு சேரும். 2025இல் இறக்குமதியான ஒருவகைக் காரின் மோட்டர் 100 கிலோவாற்றா, 150 கிலோவாற்றா என்ற ஐயத்தினாற் சுங்கத் திணைக்களம் பல கார்களைத் தடுத்துவைக்க, வழக்கு நீதிமன்றம் வரை சென்றதை வாசகர் பத்திரிகைகளிற் கண்டிருப்பர். வலு என்பது என்ன என்று வகுப்பிற் கேட்டபோது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அன்றைய செய்தியைச் சற்று ஊன்றிப் படித்திருப்பார்கள் என நினைக்கிறேன்.

இனி அவ்விரு கார்களையும் நோக்குவோம். கிறொசோவர் எனப்படுவது, சாதாரண காரின் உடலமைப்பைச் சிறிது உயர்த்தி, ஜீப்பின் தோற்றத்தைத் தந்து, பின்கதவோடு ஆக்கப்பட்ட வகை. செடான், நாம் நெடுங்காலம் கார் என்றாலே மனத்திற் கொண்டுவந்த வடிவம். தாழ்ந்து நீண்டது, பொருட்பெட்டி பின்னே தனியே நிற்பது. அற்றோ 3இன் நீளம் 4.46 மீற்றர், பெரிய மின்கலவடுக்குடைய வகையின் திணிவு ஏறத்தாழ 1,750 கிலோகிராம், மோட்டர் 150 கிலோவாற்று, மின்கலவடுக்கின் கொள்ளளவு 60.48 கிலோவாற்று மணி. ஐரோப்பியச் சோதனை முறைப்படி ஒருமுறை மின்னேற்றினால் 420 கிலோமீற்றர் ஓடும். ஐ7 வகையுள் எக்ஸ்டிறைவ் 60 என்பதன் நீளம் 5.39 மீற்றர்; திணிவு 2,700 கிலோகிராம் அளவில்; மோட்டர்கள் இரண்டும் சேர்ந்து 400 கிலோவாற்று; பயன்படும் கொள்ளளவு 101.7 கிலோவாற்று மணி. ஓட்டம் 590 முதல் 625 கிலோமீற்றர் வரை. பின்னிருக்கையில் அமர்ந்தவர் படம் பார்ப்பதற்கென்று 31 அங்குலத் திரையொன்றும் விரும்புவோர்க்கு அதிற் பொருத்தித் தரப்படும். வாவியின் மேல் ஞாயிறு படுவதை விட்டுவிட்டு அத்திரையில் எதனைக் காண்பது என்பதை நான் அறியேன்.

எண்களை மாத்திரம் பார்த்தாற் செடானே வெல்லும் போலத் தோன்றும். ஆயின் அதன் சிறப்பு எவ்வேகத்தில் வெளிப்படுகின்றது என்று கேட்டல் வேண்டும். சமதரையிற் சீரான வேகத்தோடு செல்லும் காரைத் தடுப்பன இரண்டு. ஒன்று சில்லுகளின் உருளற்றடை. இது காரின் நிறையைப் பொறுத்தது. வேகத்தினாற் பெரிதும் மாறாதது. மற்றது வளித்தடை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாக வளர்வது. காரின் வடிவையும் முகப்புப் பரப்பையும் பொறுத்தது. செடானின் வடிவம் காற்றை வழுக்கிச் செல்வது. அதன் வளித்தடைக் குணகம் 0.24. கிறொசோவரின் குணகம் 0.29. நிறையிலோ செடான் மற்றதனிலும் ஏறத்தாழ ஒரு தொன் கூடியது.

முகப்புப் பரப்பை முறையே 2.6, 2.5 சதுர மீற்றர் எனவும், உருளற்றடைக் குணகத்தை இரண்டுக்கும் 0.01 எனவும், ஆட்களும் பொருளும் 200 கிலோகிராம் எனவும் கொண்டு நான் கணித்துப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் கிறொசோவரை எதிர்க்கும் விசை ஏறத்தாழ 305 நியூற்றன்; செடானை எதிர்ப்பது 385 நியூற்றன். 100 கிலோமீற்றர் வேகத்தில் இவை முறையே 510, 560 ஆகின்றன. அதாவது வேகம் கூடக்கூடச் செடான் தன் குறையை ஈடுசெய்துகொண்டே போகிறது. இரண்டும் சமனாகும் வேகம் எதுவெனப் பார்த்தால் அது மணிக்கு 140 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது! நகர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்கு நம் சட்டம் வகுத்த எல்லை 70 கிலோமீற்றர். அதிவேகப் பாதையிலும் 100தான். அத்தகைய பாதையொன்றும் கிழக்கு மாகாணத்துக்கு இன்னும் வரவில்லை. எருமைக் கூட்டம் வீதியைக் கடக்கும்வரை காத்துநின்று, சப்பாத்துப் பாலங்களில் இறங்கியேறிச் செல்லும் கொக்கட்டிச்சோலை வழியில் 60 கிலோமீற்றரே பெருவேகம். எனவே அந்த அழகிய வடிவத்துக்காகக் கொடுக்கும் பணத்தின் பயனை இங்குள்ளவர் பெறுவதில்லை. கணிதம் பயிலும் மாணவர், குணகங்களை மாற்றிவைத்து இதனைத் தாமே செய்து பார்க்கலாம். எண்கள் சிறிது மாறும், முடிவு மாறாது.

அடுத்து மின்கலவடுக்கு. இங்கே சற்று விரித்துரைத்தல் தகும். காரின் விலையிற் பெரும்பங்கும் ஆயுளில் முழுப்பங்கும் அதனைச் சார்ந்தவை. இன்றைய மின்கார்களில் இலிதியம் அயன் கலங்களே உள்ளன. ஆயின் நேர்மின்வாயின் வேதியியல் இருவகைப்படும். நிக்கல், மங்கனீசு, கோபாற்று ஆகியவற்றைக் கொண்ட வகை, குறைந்த நிறையில் நிறைந்த சக்தியைத் தாங்குவது. நெடுந்தூர ஆடம்பரக் கார்களிற் பெரும்பாலும் நிக்கல் சார்ந்த கலங்களே இடம்பெறுகின்றன. மற்றது இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை. அற்றோ 3இல் உள்ளது இதுவே. நீண்ட அலகு போன்ற கலங்களாக வார்த்து 2020இல் அந்நிறுவனம் அதனை அறிமுகஞ் செய்தது.

இரும்புப் பொசுபேற்றை 1997இல் உலகுக்கு வெளியிட்டவர்கள் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாதி, நஞ்சுண்டசுவாமி, குடினஃப் ஆகியோர். அதற்கு முன்னரே, 1980களில், பல்லணு எதிரயன் சேர்வைகள் மின்னழுத்தத்தை உயர்த்தும் என்பதைக் குடினஃபுடன் சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம் என்னும் தமிழர். தென்தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர் அவர். 2019இற் குடினஃபுக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. அவர் சார்பிற் சுடொக்ஹோமில் நோபெல் விரிவுரையை நிகழ்த்தியவரும் மந்திரமே. நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய இப்பெயரைப் பாடநூல்களில் இன்னும் நான் காணவில்லை.

பொசுபேற்று வகைக்குக் குறைகள் இரண்டு. ஒரே அளவு சக்திக்கு அதன் நிறை கூடும்; கடுங்குளிரில் அது மந்தமாகும். குளிர் மட்டக்களப்புக்கு வரப்போவதில்லை. நிறைவுகளோ நமக்கு வேண்டியவை. பொசுபரசும் ஒட்சிசனும் உறுதியாகப் பிணைந்துள்ளமையால் வெப்பமேறினும் அது எளிதில் ஒட்சிசனை வெளிவிடாது. ஆகவே தீப்பற்றும் அபாயம் குறைவு. மின்னேற்றி இறக்கும் சுற்றுகள் பலவற்றைத் தாங்கும். நிக்கல் வகையை அன்றாடம் எண்பது வீதத்துக்கு மேல் ஏற்றாதிருத்தல் நன்று என்பர். பொசுபேற்று வகையை முழுதாக ஏற்றலாம். எஞ்சியுள்ள அளவைக் கருவி பிழையின்றிக் காட்டுவதற்காக இடையிடையே முழுதாக ஏற்றுமாறு ஆக்கியோரே கூறுகின்றனர். தாளிற் காணும் 600 கிலோமீற்றர் வேறு, நாள்தோறும் பயன்கொள்ளத்தக்க தூரம் வேறு என்பதை இதனால் உணரலாம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே கைவைக்க இயலாது. 2010இல் வெளிவந்த நிசான் லீஃப் என்னும் காரின் மின்கலவடுக்குக்குத் திரவக் குளிராக்கல் இல்லை; அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் அதன் கொள்ளளவு விரைந்து குறைந்ததென 2012இலேயே முறைப்பாடுகள் எழுந்தன. அக்கார்களிற் பல பின்னர்ப் பழையனவாக இலங்கைக்கும் வந்தன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்குவோர் எஞ்சிய கொள்ளளவை அளந்து பார்த்தே வாங்குதல் வேண்டும். நாம் ஒப்புநோக்கும் இரு கார்களும் மின்கலங்களைக் குளிர்விக்கும் அமைப்பு உடையன. இவ்வகையிற் செடானுக்கும் கிறொசோவருக்கும் வேறுபாடு கூறுவதற்கில்லை.

நீர் வேறுபாடு காட்டும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் வாவி தன் எல்லையை மறந்துவிடும். 2011ஆம் ஆண்டு சனவரியிற் படுவான்கரை ஊர்கள் பல தீவுகளாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் வெள்ளக்காடாக்கியது. மின்கார் நீரிலிறங்கினால் மின்தாக்கும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. அஃது ஆதாரமற்றது. மின்கலவடுக்குகள் பொதுவாக ஐபி 67 என்னும் தரத்துக்கு மூடப்படுபவை; ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாதென்பது அதன் பொருள். காற்றை உள்ளிழுக்கும் எஞ்சின் இல்லாமையால் நீரை உறிஞ்சி நின்றுபோகும் தொல்லையும் இல்லை. ஆயின் அத்தரம் நன்னீரில், அசையாநிலையில், புதிய மூடியோடு பெறப்பட்டது. 2022 செப்தெம்பரில் இயன் சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, வெள்ளம் வடிந்த பின்னர் நாட்கள் கழித்துத் தீப்பற்றின. உப்புநீர் மின்னைக் கடத்துவது. உலர்ந்த பின்னும் உப்பு எஞ்சிநின்று குறுஞ்சுற்றுக்கு வழிசெய்யும். நம் வாவிநீர் உவர்நீர் என்பதை மறத்தலாகாது. வயலிலிருந்து பாயும் மழைநீரைக் கடப்பதும், முகத்துவாரப் பக்கம் ஏறிய உவர்நீரில் இறங்குவதும் ஒன்றல்ல.

ஆகவே எந்தக் கார் நீரிற் குறைய இறங்கும் என்பதே நோக்கற்பாலது. அற்றோ 3இன் அடித்தட்டுக்கும் தரைக்கும் இடைவெளி 175 மில்லிமீற்றர். இதுவும் பெரிதன்று, ஜீப்புக்கு நிகராகாது. செடானின் இடைவெளி இதனிலும் தாழ்ந்தது. அதன் காற்றுப்பைத் தொங்கல் வேண்டியபோது உடலைச் சிறிது உயர்த்தும் என்பது உண்மையே. அத்தொங்கல் தரும் சுகத்துக்கு இணையுமில்லை. ஆயின் காற்றுப்பையொன்று கசிந்தால் நம்மூர்க் கராச்சொன்றில் அதனை மாற்றித் தருவார்கள் என்று நான் நம்பவில்லை. கிறவல் வீதியிற் கூரிய கல்லொன்று தாழ்ந்த சுவருடைய அகன்ற தயரைக் கிழித்தாலும் அதே கதைதான். மின்கார்களிற் பெரும்பாலும் மேலதிகச் சில்லு வைக்கப்படுவதில்லை என்பதால், நகர்க் கடைகளில் எந்த அளவுத் தயர் கிடைக்கிறது என்று விசாரித்தபின் காரைத் தெரிவுசெய்தல் அறிவுடைமை. இதனை விற்பனையாளர் தாமாகக் கூறார்.

இனி மின்னேற்றல். வீடுகளுக்குப் பெரும்பாலும் தரப்படும் 230 உவோற்று, 30 அம்பியர் ஒற்றைத்தறுவாய் இணைப்பு, முழுவதையும் காருக்கே கொடுத்தாலும், 6.9 கிலோவாற்றுக்கு மேல் தராது. அதில் அற்றோ 3 நிறைய இழப்புடன் பத்து மணித்தியாலம் வேண்டும். ஐ7 நிறையப் பதினாறு. சாதாரணக் குதையொன்றிலிருந்து 10 அம்பியர் பெற்றாலோ முன்னதற்கு ஒரு நாளுக்கு மேலும் பின்னதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்களும் செல்லும். ஐ7 நேரோட்ட விரைவேற்றியில் 195 கிலோவாற்று வரை ஏற்கவல்லது. அத்தகைய பெருவேற்றி வழியில் இருந்தாலன்றோ அதனாற் பயன்! ஆயின் நம் நோயாளியின் தேவை என்ன? வாரத்துக்கு இருமுறை, சாரதி வீடு திரும்பி மீண்டும் அழைக்க வருவதாயினும், 160 கிலோமீற்றர். அதற்குக் கிறொசோவருக்கு 25 கிலோவாற்று மணியளவு போதும். வாரத்தில் ஓர் இரவு மின்னேற்றினால் ஏனைய தேவைகளுக்கும் மிஞ்சும்.

மின்சாரம் இல்லாத இரவுகளை எண்ணும்போதே தெரிவின் தீவிரம் தெரிகிறது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அடித்த சூறாவளியின்போது நான் சிறுவன். தென்னைகள் வரிசையாக வேரோடு சாய்ந்து கிடந்ததும், அதன்பின் பல இரவுகள் குப்பிவிளக்கோடு கழிந்ததும் நினைவிலுள்ளன. அவ்வளவு பின்னோக்கிச் செல்லவும் வேண்டாம். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருண்டது. இத்தகைய வேளையிற் காரிலிருந்து மின்னை வெளியே எடுத்து வீட்டுச் சாதனங்களை இயக்கும் வசதி அற்றோ 3இல் உண்டு. இணைப்பியைத் தனியே கேட்டுப் பெறவேண்டிவரலாம். வைத்தியசாலைக்குச் சென்றுவரப் பதினைந்து கிலோவாற்று மணியை ஒதுக்கிவைத்தாலும், எஞ்சிய நாற்பத்தைந்தைக் கொண்டு மருந்து வைத்த குளிர்சாதனப் பெட்டி, இரு விசிறி, சில விளக்குகள் ஆகியவற்றைப் பத்து நாட்களுக்குக் குறையாமல் நடத்தலாம். ஆடம்பரச் செடான்கள் பலவற்றில் இவ்வசதி வைக்கப்படவில்லை. அவற்றை வாங்குவோரின் மாளிகைகளில் மின்பிறப்பாக்கி இருக்கும் என்று ஆக்கியோர் கருதினர் போலும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: காரிலிருந்து வரும் மின்னை வீட்டின் மின்சுற்றிலே நேரே புகுத்தலாகாது. அது வெளிக்கம்பிக்குச் சென்று, கம்பத்திலேறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரை வாங்கும். சாதனங்களைக் காரின் இணைப்பியிலேயே செருகுதல் வேண்டும்.

கூரையிற் சூரியத் தகடு வைத்தாற் காருக்கும் அதுவே போதுமன்றோ என்பார் உளர். போதும். தகடு ஒரு கிலோவாற்றுக்கு நம் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரி நான்கு கிலோவாற்று மணி எதிர்பார்க்கலாம். நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓட இரண்டு கிலோவாற்றுத் தகடு போதுமானது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நண்பகல் மின்கேள்வி குறைந்ததால் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டியதை நினைவுகூர்ந்தால், வீட்டில் நிற்கும் காரை நண்பகலில் ஏற்றுவது நாட்டுக்கும் உதவியே என்பது விளங்கும். ஆயின் பலர் அறியாத ஒன்று உண்டு. பொதுவலையோடு மாத்திரம் இணைந்த மாற்றி, வலையில் மின் நின்றதும் தானும் நின்றுவிடும். வெயில் எரிக்க, தகடு பளபளக்க, வீடு இருண்டே கிடக்கும். மின்கலத்தோடு இயங்கும் கலப்பு மாற்றியே அந்நேரத்திற் கைகொடுக்கும். அதன் விலை கூடுதல். இரு கார்களின் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஒரு சிறு கூறு அதற்குப் போதும்.

செடானுக்கு நேர்மை செய்தல் வேண்டும். கொழும்பிலுள்ள மருத்துவரிடம் மாதந்தோறும் செல்லவேண்டிய நிலை இருக்குமாயின் என் தீர்ப்பு இத்துணை உறுதியாக இராது. கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். அற்றோ 3இன் 420 கிலோமீற்றர், குளிரூட்டியும் மழையும் சேர்ந்தாற் சுருங்கும். இடையில் ஓரிடத்தில் மின்னேற்றாமற் செல்வது துணிகரம். ஐ7 ஒரே மூச்சிற் போய்ச் சேரும். அதன் உள்ளமைதியில் நோயாளி உறங்கிக்கொண்டே செல்லலாம். நடுத்தர விலைக் காரின் பின்னிருக்கையில் ஆறு மணித்தியாலம் அமர்ந்த முதியவரின் முதுகு என்ன சொல்லும் என்பதை நான் அறிவேன். நடுத்தர விலை என்பதும் ஒப்பீட்டளவிலேதான். வரிகளெல்லாம் சேர்ந்தபின் ஓர் ஆசிரியன் தன் சேவைக்காலச் சம்பளத்தில் அதனை வாங்க இயலுமா என்பது வேறு கட்டுரைக்குரியது.

ஆனால் ஏறி இறங்குதல் என்று ஒன்று உண்டு. சுத்திகரிப்பு முடிந்து வெளிவரும் நோயாளி களைத்து, குருதியமுக்கம் குறைந்து, தள்ளாடுவார். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போது முழங்காலும் இடுப்பும் உடலின் முழுப்பாரத்தையும் கீழிருந்து தூக்கவேண்டும். இருக்கை இடுப்பளவுக்கு அண்மையில் இருந்தால் அவர் பக்கவாட்டில் அமர்ந்து கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். கிறொசோவரின் உயர்ந்த இருக்கை இதற்கு வாய்ப்பானது. எந்த விபரப் பத்திரத்திலும் இவ்வுயரம் எழுதப்படுவதில்லை. ஆதலால் தந்தையாரைக் காட்சியறைக்கு அழைத்துச் சென்று, இரண்டிலும் மும்முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்குமாறு மாணவருக்கு எழுதினேன். கிறொசோவரை வாங்கி, மிச்சத்தில் தகடும் கலப்பு மாற்றியும் வைத்து, நம்பிக்கையான சாரதி ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளத்தையும் ஒதுக்கிவைக்கும்படி கூறினேன். நள்ளிரவில் அழைத்தவுடன் வரும் சாரதி இல்லாவிடின் இரண்டு கார்களும் ஒன்றே.

மாணவர் பதில் எழுதச் சில வாரங்கள் சென்றன. செடானை விடுவதில் அவருக்கு வருத்தம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. தந்தையார் கொழும்புக்குப் போய் ஏறிப் பார்க்க மறுத்துவிட்டாராம். மாறாக, தொலைபேசியில் ஒரே கேள்வி கேட்டாராம்: அறுவடை நாளில் அந்தக் காரில் இரண்டு மூடை நெல் ஏற்றலாமா என்று. செடானின் பொருட்பெட்டி 500 லீற்றர் கொள்வதெனினும் பின்னிருக்கை மடங்காது, வாயும் குறுகியது. கிறொசோவரின் பொருட்பெட்டி 440 லீற்றர். பின்னிருக்கையை மடித்தால் 1,300 லீற்றருக்கு மேல். ஒரு மூடை நெல் 120 லீற்றர் அளவே இடம்பிடிக்கும். இரண்டு மூடை தாராளமாக ஏற்றலாம், ஆயின் இருக்கையை மடித்த அன்று அவர் முன்னே சாரதியின் அருகில் அமரவேண்டியிருக்கும் என்று எழுதி அனுப்பினேன்.